பிக்கப் வண்டிக்கு ஒரே வருஷத்தில் ரெண்டு லட்சம் செலவு, மேடு ஏறினா இன்னும் இழுவை போகுது. அடுத்து பம்பையும் மாத்தணுமா?

ஒட்டன்சத்திரம் லோடு – கேள்வி

வணக்கம். வண்டி விவரம் முதல்ல சொல்லிடறேன். 2018 மாடல், பிஎஸ்-4 (பழைய புகை விதி), 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப். அதாவது பம்பு ஏத்துற பிரஷர்ல டீசல் 'ரெயில்'ங்கிற ஒரே குழாய்ல நின்னு, அங்க இருந்து டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் நாலுக்கும் போற வகை. 1,68,000 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏத்தி தேனி, கம்பம் வழியா குமுளி. லோடு 1,200 கிலோவுக்குள்ளதான்.

இப்ப இருக்கிற கோளாறு மூணு.

ஒண்ணு, லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது மூணாவது கியர்ல திடீர்னு இழுவை போயிடுது. இன்ஜின் லைட் எரியுது, 2,500 ஆர்பிஎம் தாண்ட மாட்டேங்குது. நிறுத்தி சாவியை அணைச்சுப் போட்டா சரியாகுது, ரெண்டு வளைவு தாண்டினா மறுபடியும் அதே. ஸ்கேனர்ல வர்ற கோடு பி0087.

ரெண்டு, காலையில குளிர்ந்த இன்ஜின் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். லோடு இறக்கிட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா எட்டு, பத்து செகண்ட் சுத்த வேண்டியிருக்கு.

மூணு, கூலன்ட் வாரத்துக்கு அரை லிட்டர் குறையுது. கீழ எங்கேயும் சொட்டு கிடையாது.

போன ஒரு வருஷத்துல, 38,000 கிலோமீட்டர் ஓடினதுக்குள்ள ஆன செலவு: ரெண்டு, நாலாம் நம்பர் இன்ஜெக்டர் புதுசு 52,000. டர்போ ரீகண்டிஷன் 38,000. ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் 31,000. ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி 23,000. கிளட்ச் செட் 24,000. ஈஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள்ள விடுற அமைப்பு) கிளீனிங் ரெண்டு தடவை 9,000. ரெக்கவரி வண்டி, கழட்டி மாட்டின லேபர் எல்லாம் சேர்த்து 27,000. மொத்தம் 2,04,000 ரூபாய்.

இப்ப பட்டறையில "ஹை பிரஷர் பம்பு போயிடுச்சு, மிச்ச ரெண்டு இன்ஜெக்டரையும் சேர்த்து மாத்தணும், ஹெட்டும் இறக்கிப் பாக்கணும்"னு சொல்லி 1,46,000 எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் "இதை மாத்தினா சரியாயிடும்"னுதான் சொல்றாங்க. மாத்தின மறுவாரமே அதே கோளாறு. இந்த 1,46,000 போடலாமா, இல்ல வந்த விலைக்குத் தள்ளிடலாமா? பம்பு போயிடுச்சுன்னு உறுதியா தெரிஞ்சுக்க என்ன டெஸ்ட் எடுக்கணும்?

பம்பு நாசில் திண்டுக்கல் – பதில்

தம்பி, அந்த எஸ்டிமேட்ல இப்போதைக்கு கையெழுத்துப் போடாதீங்க. பி0087-ன்னா "ரெயில்ல பிரஷர் கம்மி"ன்னு மட்டும்தான் அர்த்தம். பம்பு கெட்டுப்போச்சுன்னு அந்தக் கோடு சொல்லவே இல்ல. பிரஷர் கம்மியாக பெரும்பாலும் ரெண்டு வழிதான்: பம்புக்குப் போற டீசல் போதல, இல்லேன்னா பம்பு கொடுக்கிற பிரஷர் எங்கேயோ கசியுது. பம்பே தேஞ்சிருக்கிறது கடைசியாப் பாக்க வேண்டிய விஷயம். விலையும் அதுக்குத்தான் ஜாஸ்தி.

உங்க பில் வரிசையே கதையைச் சொல்லுது. சூட்டுல ஸ்டார்ட் ஆகலைன்னு ஸ்டார்ட்டரும் பேட்டரியும் மாத்தியிருக்காங்க. மேட்டுல இழுக்கலைன்னு டர்போ. தண்ணி குறையுதுன்னு ரேடியேட்டர். மூணுலயும் அளந்து பார்த்த ரிப்போர்ட் ஒண்ணுகூட இல்ல. கிளட்ச் மட்டும்தான் தேய்மானத்துல நியாயமா வந்த செலவு.

நான் சொல்ற வரிசையில பாருங்க. செலவு கம்மியானது முதல்ல.

1. டீசல் ஃபில்டரோட அடியில இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டில்ல 200 மில்லி பிடிங்க. அரை மணி நேரம் அசையாம வச்சா தண்ணி அடியில தனியா நிக்கும். பழுப்பா, கொழகொழன்னு எதாவது படிஞ்சா டேங்குக்குள்ள துரு. ஃபில்டர் கடைசியா எப்ப மாத்தினதுன்னு நீங்க எழுதலை. பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்தா அதை மாத்தாம வேற எந்த டெஸ்ட்டும் எடுக்காதீங்க.

2. அடுத்தது ரொம்ப முக்கியம், பல பட்டறையில பாக்கவே மாட்டாங்க. உங்க வண்டி மாதிரி நிறைய பிக்கப்ல டேங்குக்குள்ள மோட்டார் கிடையாது. ஹை பிரஷர் பம்போட பின்னாடி இருக்கிற சின்ன கியர் பம்புதான் டேங்குல இருந்து டீசலை உறிஞ்சி இழுக்குது. அதாவது டேங்குல இருந்து பம்பு வரைக்கும் லைன் உறிஞ்சல்ல இருக்கு. அதுல ஓட்டை இருந்தா டீசல் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும். அதனாலதான் கீழ ஈரம் இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி நீள ஒளி ஊடுருவுற டீசல் டியூபைப் போடுங்க. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு, 2,500 ஆர்பிஎம் கொடுங்க. ஸ்டார்ட் ஆன உடனே ஒண்ணு ரெண்டு குமிழ் போறது சகஜம். தொடர்ச்சியா வந்தா காத்து இழுக்குதுன்னு அர்த்தம். குமிழ் வந்தா டியூபை ஃபில்டருக்கு முன்னாடி மாத்திப் போட்டு மறுபடி பாருங்க. முன்னாடி குமிழ் இல்ல, பின்னாடி இருக்குன்னா கோளாறு ஃபில்டர் கூட்டுலதான்.

3. ஸ்கேனர்ல எரர் கோடு மட்டும் பார்த்துட்டு விடாதீங்க. லைவ் டேட்டாவைத் திறந்து, "வேண்டிய ரெயில் பிரஷர்", "இருக்கிற ரெயில் பிரஷர்" ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மூணு நேரத்துல எழுதி வைங்க: சூடான இன்ஜின்ல செல்ஃப் சுத்தும்போது, ஐட்லிங்ல, லோடோட மேடு ஏறும்போது. சுத்தும்போது ஏறக்குறைய 200 முதல் 250 பார் (பிரஷர் அளவு) வராம ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜெக்டரைத் திறக்காது. அதே நேரம் பேட்டரி வோல்டேஜையும் பாருங்க, 9.6-க்குக் கீழ இறங்கினா பேட்டரி இல்லேன்னா எர்த் வயர் கோளாறு.

4. ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இன்ஜெக்டர் தலையில இருந்தும் ரிட்டர்ன் பைப்பைக் கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் தனி டியூப், தனி பாட்டில் போடுங்க. இன்ஜெக்டர்ல இருந்து கழட்டின ரிட்டர்ன் பைப்போட திறந்த வாயை அடைச்சு வைக்கணும். இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் மூணு நிமிஷம் ஐட்லிங். நாலு பாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும். எதுல மத்ததைவிட ரெண்டு, மூணு மடங்கு வருதோ அந்த இன்ஜெக்டர் வால்வு உள்ளுக்குள்ள கசியுது. சூட்டுல டீசல் இளகும், அதனால குளிர்ந்தப்ப தாங்குற கசிவு சூட்டுல தாங்காது. நீங்க சொல்ற "காலையில நல்லா ஸ்டார்ட் ஆகுது, சூட்டுல ஆகலை"ங்கிறதுக்கு இதுதான் முதல் சந்தேகம்.

5. ரெயில் ஓரத்துல இருக்கிற பிரஷர் லிமிட் வால்வோட ரிட்டர்ன் பைப்பையும் கழட்டிப் பாருங்க. ஐட்லிங்ல அதுல ஒரு சொட்டுகூட வரக்கூடாது.

6. இத்தனையும் சரியா இருந்தா மட்டும் பம்புக்கு வாங்க. அப்பவும் முதல்ல பம்புல இருக்கிற மீட்டரிங் வால்வை (பம்புக்குள்ள போற டீசல் அளவைக் கட்டுப்படுத்துறது) கழட்டி அதோட சல்லடையை வெள்ளைத் துணியில தட்டிப் பாருங்க. வெயில்ல பிடிச்சா வெள்ளித்தூள் மாதிரி மினுமினுன்னு தெரிஞ்சா பம்பு உள்ள உராயுது, சந்தேகமே வேண்டாம். அப்ப பம்பு மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல: டேங்கு, லைன், ரெயில் எல்லாம் கழுவி, நாலு இன்ஜெக்டரும் டெஸ்ட் பெஞ்சுக்கு (இன்ஜெக்டரைத் தனியா ஓட்டி அளக்கிற மெஷின்) போகணும். அந்தத் தூள் புது பம்பையும் தின்னுடும். மினுக்கம் இல்லேன்னா, மீட்டரிங் வால்வு மட்டும் தனியாவே கிடைக்கும், பம்பு முழுசா வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய லைன் பம்பு வண்டியில ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பாப்பாங்க. காமன் ரெயில்ல அதைச் செய்யவே கூடாது. 1,000 பாருக்கு மேல பீச்சுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள ஏறிடும், விரலையே எடுக்க வேண்டி வரும். ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் பைப்புல ஸ்பானர் போடணும்.

ஹெட் லேத் – பதில்

தண்ணி விஷயத்துக்கு வர்றேன். ஹெட் இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு டெஸ்ட் இருக்கு, ரெண்டும் ஒரு மணி நேர வேலை.

முதல்ல குளிர்ந்த இன்ஜின்ல ரேடியேட்டர் மூடி இடத்துல கைப்பம்பு கேஜை மாட்டி, மூடியில போட்டிருக்கிற அளவுக்குக் காத்து ஏத்துங்க. பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார். கால் மணி நேரம் முள் அசையக்கூடாது. இறங்கினா ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்பு அடியில இருக்கிற சின்ன ஓட்டை, ஹீட்டர் பைப் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க.

வெளிய எங்கேயும் ஈரமே இல்லேன்னா பெரும்பாலும் ரெண்டு இடம்தான் பாக்கி: ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு), ஈஜிஆர் கூலர் (திரும்பி வர்ற புகையைக் கூலன்ட்டால ஆற வைக்கிறது). பிரஷர் ஏத்தின நிலையிலேயே ஈஜிஆர் வால்வைக் கழட்டி உள்ள விரல் விட்டுப் பாருங்க. அங்க காய்ஞ்ச கரிதான் இருக்கணும். ஈரமா, சேறு மாதிரி இருந்தாலோ, ஒரு இடம் மட்டும் கரி இல்லாம கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருந்தாலோ கூலர் உள்ள ஓட்டை. இப்படி நிறைய வண்டிக்கு வீணா ஹெட் இறக்கறாங்க. ஈஜிஆரை ரெண்டு தடவை கிளீன் பண்ணியும் மறுபடி அடைச்சிருக்குன்னா இந்தச் சந்தேகம் இன்னும் கூடுது. கரியோட தண்ணி சேர்ந்தா களிமண்ணா இறுகிடும்.

கேஸ்கட்டுக்கு நீல திரவ டெஸ்ட் இருக்கு. ரேடியேட்டர் வாயில வச்சு, இன்ஜின் ஓடும்போது வர்ற காத்தை அதுல உறிஞ்சினா, எரிஞ்ச புகை கலந்திருந்தா நீலம் பச்சையாவோ மஞ்சளாவோ மாறும். நீலமாவே இருந்தா கேஸ்கட்டுக்கு இப்ப கைவைக்க வேண்டாம்.

அப்படியும் ஹெட் இறக்க வேண்டி வந்தா, பட்டறையில இதைக் கேட்டு வாங்குங்க. கேஸ்கட்ல மூணு கனம் இருக்கும், ஓரத்துல துளையோ வெட்டோ போட்டு அடையாளம் வச்சிருப்பாங்க. பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்வளவு எட்டிப் பாக்குதுன்னு டயல் கேஜ்ல அளந்துதான் கனம் எடுக்கணும். "இருக்கிறதைப் போடு"ன்னு போட்டா, ஒண்ணு கம்ப்ரஷன் போகும், இல்ல பிஸ்டன் ஹெட்ல தட்டும். போல்ட் டார்க் கொடுத்து அப்புறம் டிகிரி கணக்குல இறுக்குற வகைன்னா இழுபட்டு நீண்டிருக்கும், திரும்பப் போடக்கூடாது. ஹெட்டை ஃபேசிங் அடிக்கிறதுக்கு (அடிப்பக்கத்தைச் சீவிச் சமமாக்கறதுக்கு) முன்னாடி ஹெட்டோட உயரம் அளந்து, மேனுவல்ல இருக்கிற குறைந்த அளவுக்கு மேல இருக்கான்னு பாக்கணும்.

கூலரை ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க. இரவு முழுக்க நிக்கும்போது தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கிச்சுன்னா, காலையில செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அப்ப இன்ஜின் முழுசும் இறங்கும். அதுக்குன்னு தகடு வச்சு ஈஜிஆரை அடைக்கவும் வேண்டாம். புகைக்கட்டுப்பாட்டுச் சாதனத்தை அடைக்கறது சட்டப்படி தப்பு, லைட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

டெல்டா டிரைவர் – பதில்

எனக்கும் ஒரு சந்தேகம், இதுலயே கேட்டுடறேன். டீசல்ல 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்தா பம்பு தேயாதுன்னு சொல்றாங்களே? பிஎஸ்-6 வண்டிக்கும் இதே டெஸ்ட்தானா?

பம்பு நாசில் திண்டுக்கல் – பதில்

2டி ஆயில் வேண்டாம். டீசல்ல கந்தகம் குறைஞ்சதால வழுவழுப்பு போயிடும்ங்கிற பயத்துல வந்த பழக்கம் அது. 2020 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க 10 பிபிஎம் கந்தகம் உள்ள டீசல்தான், அதுக்கு முன்னாடி 50 பிபிஎம். ஆனா வழுவழுப்புக்கும் தனி தர அளவு இருக்கு, அதுக்கான மருந்தை டீசல் பங்குக்கு வர்றதுக்கு முன்னாடியே கலந்துடறாங்க. பம்பைக் கெடுக்கறது தண்ணியும், துருவும், பேரல்ல பில் இல்லாம விக்கிற மலிவு டீசலும்தான். மண்ணெண்ணெய் கலந்ததுல பம்பு ரொம்ப சீக்கிரம் தேயும்.

பிஎஸ்-6-க்கும் ரெயில் டெஸ்ட் இதேதான். கூடுதலா புகை வடிகட்டி டிபிஎஃப் இருக்கு. அதுக்குள்ள சேர்ற கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேணும். ஊருக்குள்ள நின்னு நின்னு ஓடி, எரியற நடுவுல ஆஃப் பண்ணிட்டே இருந்தா எரியாத டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கும். ஆயில் குச்சியில அளவு குறையறதுக்குப் பதிலா ஏறினா உடனே ஆயிலை மாத்துங்க. "டிபிஎஃப் போயிடுச்சு"ன்னு சொன்னா, முதல்ல அதோட பிரஷர் சென்சாருக்குப் போற ரெண்டு ரப்பர் பைப் வெடிச்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

ஒட்டன்சத்திரம் லோடு – பதில்

அண்ணே, ரெண்டு பேரும் சொன்ன வரிசையிலேயே எடுத்தாச்சு. அளவெல்லாம் கீழ.

ஃபில்டர்ல பிடிச்ச 200 மில்லியில 40 மில்லி தண்ணி. அடியில பழுப்பு வண்டல். ஃபில்டர் மாத்தி 14,000 கிலோமீட்டர் ஆகியிருக்கு.

டியூப் டெஸ்ட்: ஃபில்டருக்கு முன்னாடி குமிழே இல்ல. ஃபில்டருக்குப் பின்னாடி ஐட்லிங்ல கடுகு அளவு குமிழ் ஒண்ணொண்ணா வருது. 2,500 கொடுத்தா பாசிமணி கோத்த மாதிரி விடாம வருது.

லைவ் டேட்டா: சூட்டுல செல்ஃப் சுத்தும்போது 140-ல இருந்து 170 பாருக்குள்ளயே நிக்குது, ஒன்பதாவது செகண்ட்ல 210 தொட்டதும் ஸ்டார்ட் ஆகுது. பேட்டரி 10.4 வோல்ட். ஐட்லிங்ல வேண்டியது 300, இருக்கிறது 280-க்கும் 310-க்கும் நடுவுல ஆடுது. மேட்டுல வேண்டியது 1,380, இருக்கிறது 940, அந்த இடத்துல லைட் எரிஞ்சுது.

ரிட்டர்ன், மூணு நிமிஷம்: முதல் இன்ஜெக்டர் 26 மில்லி, ரெண்டாவது 18, மூணாவது 71, நாலாவது 20.

லிமிட் வால்வுல சொட்டு இல்ல. மீட்டரிங் வால்வு சல்லடையில மினுக்கம் எதுவும் இல்ல, பழுப்பு அழுக்கு மட்டும்.

தண்ணி: 1.0 பார் ஏத்தினது கால் மணி நேரத்துல 0.6. வெளிய காய்ஞ்சு கிடக்கு. நீல திரவம் நீலமாவே இருக்கு. ஈஜிஆர் வால்வுக்குள்ள ஒரு பக்கம் ஈரச் சேறு.

பம்பு நாசில் திண்டுக்கல் – பதில்

இவ்வளவு தெளிவா அளந்து போட்டதுக்கு நன்றி தம்பி. பம்பு நல்லா இருக்கு. கோளாறு ரெண்டு, ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்குது.

காத்து: ஃபில்டருக்கு முன்னாடி சுத்தம், பின்னாடி குமிழ். அப்ப ஃபில்டர் கூட்டுலயே மூணு இடம்தான்: கையால அமுக்குற பிரைமர், வடிகால் திருகு, அடியில மாட்டியிருக்கிற தண்ணி சென்சார். ஃபில்டர் மாத்தும்போது சென்சாரைப் பழைய ஃபில்டர்ல இருந்து கழட்டிப் புதுசுல போடுவாங்க, ஓ-ரிங் மட்டும் பழசாவே இருக்கும். தட்டையாகி, ஓரம் வெடிச்ச ஓ-ரிங் அத்தனை காத்தையும் இழுக்கும்.

மூணாவது இன்ஜெக்டர்: மத்ததைவிட மூணு மடங்கு. சூட்டுல ஸ்டார்ட் ஆகாததுக்குக் காரணம் இது. மேட்டுல லோடு கேக்கும்போது காத்தும் சேர்ந்தா பம்பு 1,380 கொடுக்க வழியே இல்ல. முன்னாடி மாத்தின ரெண்டும் நாலும் கெட்டிருந்துச்சான்னு இனிமே சொல்ல முடியாது, ஆனா கசிஞ்சுக்கிட்டு இருந்த மூணாவதை விட்டுட்டாங்கங்கிறது மட்டும் தெரியுது. முதலாவது 26, இப்போதைக்கு விடலாம். பத்தாயிரம் கிலோமீட்டர் கழிச்சு மறுபடி பிடிச்சுப் பாருங்க.

மூணாவதைப் பெஞ்சுக்கு அனுப்புங்க. பெஞ்ச் ரிப்போர்ட் அச்சுல வரணும்: ஐட்லிங், நடு லோடு, முழு லோடு, முன் பீச்சல், ரிட்டர்ன் அளவு எல்லாம். வால்வு செட், நாசில் மாத்தினா மறுபடி கம்பெனி சொன்ன அளவுக்குள்ள வந்துடும். புதுசோ ரீகண்டிஷனோ, தலையில பொறிச்சிருக்கிற எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை (கோடு) ஈசியூல ஏத்தச் சொல்லுங்க. அதை விட்டா அந்த சிலிண்டருக்கு டீசல் அளவு தப்பாப் போகும், ஐட்லிங்ல உதறும். ரெண்டுக்கும் நாலுக்கும் ஏத்தினாங்களான்னும் ஸ்கேனர்ல சரிபாருங்க.

மாட்டும்போது அடியில வர்ற செம்பு வாஷர் கண்டிப்பா புதுசு. பழைய வாஷர் ஹெட்டுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்து அதுமேல புதுசையும் போட்டா ரெண்டு வாஷராயிடும், நாசில் உயரம் மாறிப் புகை தள்ளும். சீட்டைக் கட்டர் போட்டுச் சுத்தம் பண்ணணும், அதுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ள கரி விழாம துணிச்சுருளால அடைக்கணும். கிளாம்ப் போல்ட்டை டார்க் சாவியாலதான் இறுக்கணும். தளர்வா இருந்தா "சுஃப் சுஃப்"னு காத்து தப்பி, ஒரு மாசத்துல இன்ஜெக்டரைச் சுத்தித் தார் மாதிரி கரி இறுகிடும், அப்புறம் கழட்டவே முடியாது.

டேங்கை இறக்கிக் கழுவுங்க. உள்ள உறிஞ்சுற பைப் நுனியில இருக்கிற சல்லடையையும் பாருங்க. மூடியோட ரப்பர் தேஞ்சிருந்தா மழையில நிக்கும்போது தண்ணி உள்ள இறங்கும். இத்தனை தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்காம விட்டா அடுத்த வருஷம் நாலு இன்ஜெக்டரும் போகும்.

வழக்கும் வண்டியும் – பதில்

செலவு, சட்டம் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை விற்பதா வைத்திருப்பதா என்பதை இதுவரை கொட்டிய பணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது திரும்பி வராது. 2,04,000 ரூபாயை 38,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 5 ரூபாய் 37 காசு. இதில் கிளட்ச் போக மீதியில் பெரும்பங்கு அளந்து பார்க்காமல் மாற்றிய பாகங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு உண்மையில் என்ன ஆகும் என்று பார்த்து, அதைப் புது வண்டியின் மாதத் தவணையோடும் கூடுதல் இன்சூரன்ஸோடும் ஒப்பிடுங்கள். அதற்கு முன் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம். இன்ஜெக்டர் கழற்றும் நாளிலேயே எடுத்துவிடலாம். இந்த வகை இன்ஜினில் பெரும்பாலும் 24 முதல் 30 பாருக்குள் வரும். நான்கு சிலிண்டருக்கும் இடையே மூன்று, நான்கு பாருக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் வண்டியை வைத்துக்கொள்ளலாம். ஒரு சிலிண்டர் தனியாகக் கீழே கிடந்தால் இன்ஜெக்டருக்குப் பணம் போடும் முன் யோசியுங்கள்.

இனி எந்தப் பட்டறையிலும் வேலை தொடங்கும் முன் பாகம் தனி, கூலி தனி என்று எழுதிய எஸ்டிமேட் வாங்குங்கள். "கழற்றிய பழைய பாகம் திருப்பித் தரவேண்டும்" என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இன்ஜெக்டர், டர்போ, ஸ்டார்ட்டர் போன்றவற்றுக்குப் பழசை எடுத்துக்கொண்டு விலை கழிப்பார்கள். அந்தக் கழிவு பில்லில் தெரிய வேண்டும். புதுசா, ரீகண்டிஷனா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிய பணத்துக்குப் பரிகாரம் கேட்க வழி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-ன்படி வணிக நோக்கத்துக்குப் பெற்ற பொருளோ சேவையோ இதில் வராது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. சொந்தமாக ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை வண்டிக்காரருக்கு அந்த விளக்கம் முக்கியம். குறைபாடு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். நீங்கள் எடுத்த இந்த அளவுகளை நாளோடும் கிலோமீட்டர் எண்ணோடும் படம் எடுத்து வைத்திருங்கள். "மாற்றிய பாகம் கெடவே இல்லை" என்று காட்ட அவை உதவும்.

ஒட்டன்சத்திரம் லோடு – பதில்

முடிஞ்சது அண்ணே. கம்ப்ரஷன் 27, 26, 26, 27. மூணாவது இன்ஜெக்டர் வால்வு செட்டும் நாசிலும் மாத்தி, கோடு ஏத்தியாச்சு. பார்த்தா நாலாம் நம்பருக்குப் பழைய கோடே இருந்துச்சு, அதையும் சரி பண்ணியாச்சு. ஈஜிஆர் கூலர் புதுசு. டேங்கு கழுவி, மூடி ரப்பர் மாத்தியாச்சு. ஃபில்டரும் புதுசு, சென்சார் ஓ-ரிங் நீங்க சொன்ன மாதிரியே ஒரு பக்கம் வெடிச்சிருந்துச்சு. மொத்தம் 34,500.

சூட்டுல செல்ஃப் அடிச்சதும் 290 பார், ரெண்டாவது செகண்ட்ல ஸ்டார்ட். குமுளி மேட்டுல வேண்டியது 1,380, இருக்கிறது 1,365. கூலன்ட் பத்து நாளா அதே கோட்டுல நிக்குது. ஒண்ணு மட்டும்: டியூப்ல இன்னும் எப்பவாவது ஒரு கடுகு குமிழ் வருது. அதை விடலாமா?

பம்பு நாசில் திண்டுக்கல் – பதில்

விடாதீங்க. சென்சாரை ஒரு தடவை கழட்டி, ஓ-ரிங்கைக் காய்ஞ்சபடியே போட்டிருக்காங்களான்னு பாருங்க. காய்ஞ்ச ரப்பர் திருகும்போது முறுக்கிக்கும். சுத்தமான டீசலை விரல்ல தொட்டுச் சுத்தித் தடவி, கையாலேயே இறுக்கி, அதுக்கு மேல ஸ்பானர் போடாம விடுங்க. பிளாஸ்டிக் இழை, அழுத்தினா வெடிக்கும். அப்புறம் பிரைமர் கைக்குக் கெட்டியாகிற வரைக்கும் அமுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. குமிழ் அப்பவும் வந்தா பிரைமரோட உள் வால்வுதான், அதை மட்டும் தனியா மாத்தலாம்.